ஆள் பாதியாகியும் மளிகைச் செலவு பாதியாகவில்லையே, எங்கே ஓட்டை?

#1 தனிச்சமையல்

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். வயது 69. கணவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். வீட்டில் நான் ஒருத்திதான்.

கேள்வி இதுதான். இரண்டு பேர் சாப்பிட்ட வீட்டில் இப்போது ஒருவர்தான் என்றால் மளிகை, காய்கறி, பால் செலவு பாதியாக வேண்டுமா இல்லையா? அவர் எழுதிவைத்த பழைய செலவு நோட்டையும் என் நோட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். விலையேற்றத்தைக் கழித்துவிட்டே சொல்கிறேன், முன்பு ஆனதில் முக்கால் பங்கு இன்னும் ஆகிறது. கையில் வரும் பணமோ குறைந்துவிட்டது.

ஆடம்பரமாக ஒன்றும் வாங்குவதில்லை. தள்ளுபடி போட்டிருந்தால்தான் கையே வைப்பேன். இருந்தும் நேற்று ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது காய்கறித் தட்டின் அடியில் ஒரு முட்டைக்கோஸ் கிடந்தது. கால்வாசி அறுத்திருக்கிறேன், மீதி அப்படியே. அறுத்த பக்கம் கறுத்துப்போய், அடி இலை கொழகொழவென்று தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எப்போது வாங்கினேன் என்பதே நினைவில்லை.

எங்கே குறைக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையகணக்கு

அம்மா, நானும் தனி ஆள்தான், வயது 74. காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். அதனால் பதிலும் கணக்காகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பாதியாகவே ஆகாது. சின்னப் பொட்டலம் எப்போதும் கிராமுக்குக் கிராம் விலை கூடுதல். வாணலியில் ஊற்றுகிற எண்ணெய் ஒருவருக்கும் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க வேளாண் துறை இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நான்கு பேர் வீட்டில் ஓர் ஆளுக்கு ஆகும் உணவுச் செலவை 100 என்று வைத்தால், இரண்டு பேர் வீட்டில் ஆளுக்கு 110, தனி ஆளுக்கு 120 என்று கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. இடத்துக்கு இடம் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு இதுதான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இருவராக இருந்தபோது 220. தனியாக 120. அதாவது பழைய செலவு 100 என்றால் இப்போது சுமார் 55க்கு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு 75 ஆகிறது. நடுவில் இருக்கும் 20 எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கோஸ் மேல்தான் சந்தேகம்.

ஒரு வேலை செய்யுங்கள். வாங்குவதை எழுதுகிறீர்கள், சரி. தூக்கிப் போடுவதையும் இரண்டு வாரம் எழுதுங்கள். அழுகிய தக்காளி, காய்ந்த பிரெட், ஊற்றிவிட்ட பால், எல்லாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2022இல் உலகத்தில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. உணவகங்களும் கடைகளும் சேர்ந்துதான் மீதி 40.

#3 மூட்டைப்பிரியன்

இதற்கு ஏன் இத்தனை கணக்கு? மொத்தமாக வாங்குங்கள், மாதம் ஒரே தடவை போங்கள். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய், மாவு, மசாலாத்தூள் எல்லாம் பெரிய மூட்டையாக, பெரிய டப்பாவாக. கடைப்பக்கம் போகிற தடவை குறைந்தால் கண்டதில் கை போகாது. நான் முப்பது வருடமாக இப்படித்தான். 66 வயதாகிறது, ஒரு நாள்கூட மளிகைக் கணக்கு என்னைப் பயமுறுத்தியதில்லை.

#4 சின்னப்பை

அண்ணா, உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

#5 மூட்டைப்பிரியன்

நான், மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஆறு பேர். ஏன்?

#6 சின்னப்பை

அதான்.

#7 கைத்தடி

எனக்கு மூட்டை வாங்கினால் மூட்டு வலிக்கிறது.

#8 சின்னப்பை

மூட்டைப்பிரியன் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், கிண்டலுக்குச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் எட்டுப் பேருக்குச் சமைத்தவள். இப்போது 72 வயது, தனியாக இருக்கிறேன். கை அந்தப் பழைய அளவிலேயே நின்றுவிட்டது, அதை இறக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. தனிச்சமையல் அம்மாவுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கண்ணும் கையும் இன்னும் இரண்டு பேருக்கே வாங்குகின்றன.

மொத்தமாக வாங்கலாம்தான், ஆனால் எதை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உப்பும் சர்க்கரையும் ஈரம் படாமல் இருந்தால் கெடவே கெடாது. தீட்டிய அரிசியும் உடைத்த பருப்பும் பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால் மாதக் கணக்கில் நிற்கும். தீட்டாத அரிசி, தவிட்டோடு அரைத்த மாவு இரண்டும் அப்படி இல்லை. தவிட்டிலும் முளையிலும் எண்ணெய் இருக்கிறது, அது சிக்கு வாடை அடித்துவிடும். சமையல் எண்ணெயும் அப்படித்தான். அடுப்புப் பக்கம் வெளிச்சம் படுகிற இடத்தில் திறந்து வைத்த ஐந்து லிட்டர் டப்பா, தனி ஆள் தீர்ப்பதற்குள் காறிவிடும். அரைத்த மசாலாத்தூளுக்கு மணம் போய்விடும், அப்புறம் ஒரு கரண்டி போட்ட இடத்தில் இரண்டு கரண்டி. கொட்டை வகைகள், எள் எல்லாம் சின்னப் பொட்டலம்தான்.

தூக்கிவர முடியாத மூட்டைக்கு வண்டிக்கூலி கொடுத்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். முதுகு பிடித்துக்கொண்டால் அந்தச் செலவு தனி.

பெயருக்கு ஏற்றபடி நான் ஒரு சின்னத் துணிப்பையோடுதான் போவேன். பை நிறைந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். வாரம் இரண்டு தடவை. அது நடைப்பயிற்சியும் ஆயிற்று.

#9 மூட்டைப்பிரியன்

கோபம் எல்லாம் இல்லை. ஆனால் வாரம் இரண்டு தடவை போனால் இரண்டு தடவை சபலம் வரும், அதையும் கணக்கில் எழுதுங்கள்.

#10 தூரத்துமகன்

நான் இங்கே மகன் தரப்பு. அம்மா தனியாக இருக்கிறார், 77 வயது. தூரத்திலிருந்து செயலி வழியாக மளிகை அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, அதே பட்டியல், ஒரே தட்டில் முடிந்துவிடும். இலவசமாகக் கொண்டுவந்து தர குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டே, அது எட்டாவிட்டால் பழம், பிஸ்கட், ஓட்ஸ் என்று எதையாவது சேர்த்துவிடுவேன். அம்மா ‘போதும்பா’ என்று சொன்னதை நான் சிக்கனம் என்றே நினைத்தேன்.

போன மாதம் நேரில் போனபோது சமையலறை மேல் அலமாரியில் ஓட்ஸ் மட்டும் ஏழு பொட்டலம். நான்கு பிரிக்கவே இல்லை. பிரித்ததில் வண்டு. ‘நீ ஆசையாக அனுப்புகிறாய், வேண்டாம் என்றால் வருத்தப்படுவாயே’ என்றார்.

இப்போது முறையை மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவேன். அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு அலமாரி, ஃப்ரிட்ஜ், காய்கறிக் கூடை என்று ஒரு சுற்றுக் காட்டுவார். இல்லாததை மட்டும் அனுப்புகிறேன். தொகை எட்டவில்லை என்றால் கொண்டுவரும் கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன். அந்தக் கட்டணம் எப்போதும் ஏழு ஓட்ஸை விட மலிவு.

பெற்றோருக்கு அனுப்புகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அலமாரியை ஒரு தடவை பாருங்கள்.

#11 தனிச்சமையல்

எல்லோருக்கும் நன்றி. பழையகணக்கு ஐயா சொன்ன குப்பை நோட்டை இரண்டு வாரம் எழுதினேன். மானத்தை வாங்குகிற நோட்டு.

கீரை ஒன்றரைக் கட்டு (மஞ்சளாகிவிட்டது). பிரெட் ஏழு துண்டு, பூஞ்சை. தக்காளி ஐந்து. வாழைப்பழம் நான்கு, ஒன்றாகக் கறுத்துவிட்டன. பால் அரை லிட்டர், திரிந்தது. சமைத்த பருப்பு ஒரு கிண்ணம், எந்த நாளுடையது என்று தெரியாமல் பயந்து கொட்டினேன். தயிர் ஒரு கப். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வாங்கிய பழக்கூழ், மூன்றாவது பாட்டிலை மூடியைத் திறக்காமலே தேதி முடிந்து போட்டேன். சாதம் எழுதவில்லை, கிட்டத்தட்ட தினமும் ஒரு கைப்பிடி.

நான் ஏற்கெனவே கொஞ்சம் குறைத்துத்தான் வருகிறேன். முட்டை நிறுத்திவிட்டேன். பால் காபிக்கு மட்டும். ராத்திரிக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை, ஒரு டீ, நாலு பிஸ்கட், முடிந்தது. ஒரு ஆளுக்காக என்ன சமைப்பது என்று ஒரு சலிப்பும் இருக்கிறது. அப்படியும் செலவு இறங்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

#12 தட்டுக்கணக்கு

தனிச்சமையல் அம்மா, நான் உணவியல் ஆலோசகர். உங்கள் பதிவின் கடைசிப் பகுதியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மற்றதெல்லாம் அப்புறம். கடைசி ஆறு மாதத்தில் உடல் எடை குறைந்திருக்கிறதா? உடுப்பு தளர்ந்திருக்கிறதா?

#13 தனிச்சமையல்

எடை பார்க்கவில்லை அம்மா. ஆனால் நீங்கள் கேட்டதும்தான் உறைக்கிறது. போன மாதம் பாத்திரம் தேய்க்கும்போது மோதிரம் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. முப்பது வருடமாகச் சோப்புப் போட்டால்கூடக் கழற்ற வராத மோதிரம். வயதானால் இப்படித்தான் என்று நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

#14 தட்டுக்கணக்கு

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாத அறிகுறி அது. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், 50 கிலோ ஆளுக்கு இரண்டரைக் கிலோ, மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதலில் அதைச் செய்யுங்கள். காரணம் சாப்பாடாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

இப்போது சாப்பாடு. வயது ஏற ஏறத் தசை தானாகக் கரையும். அதற்கு 1989இல் ‘சார்கோபீனியா’ என்று பெயரே வைத்தார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் புரத அளவு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.8 கிராம். 65 தாண்டியவர்களுக்கு அது போதாது, 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ‘புரோட்-ஏஜ்’ என்ற நிபுணர் குழு பரிந்துரைத்தது. 50 கிலோ என்றால் 50 முதல் 60 கிராம். வேலை குறைந்துவிட்டது, சாப்பாடும் குறையட்டும் என்று நாம் நினைக்கிறோம். கலோரிக்கு அது சரி, புரதத்துக்குத் தலைகீழ். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.)

டீயும் நாலு பிஸ்கட்டும் இரண்டு, மூன்று கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு தம்ளர் பாலில், 200 மில்லி என்றால், 6 கிராமுக்கு மேல். 50 கிராம் காய்ந்த பருப்போ கடலையோ வேகவைத்தால் 11 கிராம் அளவில். நீங்கள் சிக்கனம் என்று நிறுத்தியது முட்டையும் பாலும், தொடர்ந்து வாங்குவது பிஸ்கட். தப்பான பக்கம் கத்தரித்திருக்கிறீர்கள் அம்மா. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மகள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை, பால், மீன், இறைச்சி எதுவும் சேர்க்காதவர்கள் பி12 பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அது விலங்கு வழி உணவில்தான் இயல்பாகக் கிடைக்கிறது, வயதான வயிறு அதைப் பிரித்தெடுப்பதும் குறைவு.

#15 பழையகணக்கு

தட்டுக்கணக்கு சொன்னதைக் கடையில் எப்படிப் பயன்படுத்துவது என்று நான் சொல்கிறேன். பொட்டலத்தின் பின்பக்கம் ‘100 கிராமுக்குப் புரதம்’ என்று ஒரு வரி இருக்கும். பருப்பு, கடலை வகைகளில் 20 கிராமுக்கு மேல். பிஸ்கட்டில் பெரும்பாலும் 10க்குக் கீழே. பொட்டலத்தில் மொத்தம் எத்தனை கிராம் புரதம் என்று பெருக்கி, விலையை அதால் வகுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு நாள் உட்கார்ந்து நாம் வழக்கமாக வாங்கும் பத்துச் சாமான்களுக்குப் போட்டுப் பார்த்தால் போதும். நான் போட்டபோது மலிவு வரிசையில் கடலையும் பருப்பும் மேலே நின்றன, அடுத்தது முட்டை. டப்பாவில் வரும் ‘முதியோர் சத்துப்பானம்’ எங்கேயோ அடியில். விலை ஊருக்கு ஊர் மாறும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதில் மூன்றாவது குப்பைக்குப் போனால் லாபம் பூஜ்யம். இரண்டாவதும் போனால் ஒன்றுக்கு இரட்டை விலை கொடுத்திருக்கிறோம்.

#16 நெறியாளர்

புரதப் பவுடர் விற்கும் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, விளம்பரம் வேண்டாம்.

#17 மூட்டைப்பிரியன்

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழையகணக்கு சொன்னாரே என்று நேற்றுக் கடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரிச் சீட்டைப் படித்தேன். அந்தச் சீட்டில் மொத்த விலை கொட்டை எழுத்தில், கிலோவுக்கு எவ்வளவு என்பது எறும்பு சைஸில். ஃபோன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.

நான் வருடக் கணக்காக வாங்கும் துணிசோப்புத்தூள் பெரிய பை, பக்கத்திலிருக்கும் நடுத்தரப் பையை விடக் கிலோவுக்கு அதிகம்! பெரியது மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறேன். கடைப் பையனைக் கேட்டேன், ‘எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் சார்’ என்றான். அவனைக் குறை சொல்லி என்ன?

இன்னொன்று, காபித்தூள். பொட்டலம் அதே உயரம், அதே நிறம். எடை 500லிருந்து 450 ஆகிவிட்டது. விலை ஏறவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

#18 பழையகணக்கு

எடை 10 சதவீதம் குறைந்தால் விலை 11 சதவீதம் ஏறியதாக அர்த்தம். வருக, அண்ணே.

#19 சின்னப்பை

தனிச்சமையல் குப்பை நோட்டில் ‘எந்த நாளுடையது என்று தெரியாமல் கொட்டினேன்’ என்று ஒரு வரி இருந்ததே, அதைப் பிடித்துக்கொண்டு என் கதையைச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் மீதியிருந்த பருப்பைச் சூடு செய்து சாப்பிட்டேன். மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு, காலையில் நிற்க முடியவில்லை, இரண்டு நாள் மருத்துவமனைப் படுக்கை. ஒரு கிண்ணம் பருப்பை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு வருட மளிகைக் காசைக் கட்டினேன். மருத்துவர்தான் சொன்னார், வயதானால் மூக்கும் மந்தமாகும், மோந்து பார்த்து முடிவு செய்யும் வழக்கத்தை விடுங்கள் என்று. ஐம்பது வருடம் இந்த மூக்கை நம்பித்தான் சமையலறையை நடத்தினேன். அது பொய் சொல்லும் என்று ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுநாடா ஒன்றும் பேனா ஒன்றும் நூலில் தொங்குகின்றன. எந்தக் கிண்ணம் உள்ளே போனாலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, கிழமை எழுதிவிடுவேன். ‘செவ்வாய்’ என்று எழுதியது வெள்ளிக்குள் தீர வேண்டும், அவ்வளவுதான் சட்டம். தீராது என்று தெரிந்தால் புதன்கிழமையே ஃப்ரீசருக்குப் போகும்.

#20 தட்டுக்கணக்கு

சின்னப்பை அம்மாவின் ஒட்டுநாடா நான் தரும் எந்த அறிவுரையையும் விட உபயோகமானது. அதோடு சிலதைச் சேர்க்கிறேன்.

சமைத்ததை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும், திரும்பச் சூடாக்கும்போது உள்ளே வரை ஆவி பறக்க வேண்டும், 70 டிகிரிக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை. சாதம் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெளியே கிடந்த சாதத்தில் ஒரு கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி எவ்வளவு கொதித்தாலும் அழியாது. அதனால் ராத்திரி முழுக்க மேசையில் கிடந்த சாதத்தைக் காலையில் சூடு செய்து காப்பாற்ற முடியாது. சமைத்த உடனே அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், 65 தாண்டியவர்களை அதிகம் தாக்கும். அதனால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்பதற்காக வாரக் கணக்கில் வைத்துச் சாப்பிடாதீர்கள்.

பொட்டலத்துத் தேதியில் இரண்டு வகை உண்டு, அதைக் குழப்பிக்கொண்டு நல்லதையும் கொட்டுகிறோம். ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது ருசி, மொறுமொறுப்பு பற்றியது. பருப்பு, மாவு, பாஸ்தா மாதிரி உலர்ந்த சாமான் அந்தத் தேதி தாண்டி ஒரு வாரம் ஆனால் விஷமாகிவிடாது, பார்த்துப் பயன்படுத்தலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பு பற்றியது, மீன், இறைச்சி, சில பால் பொருள்களில் இருக்கும். அதைத் தாண்டினால் இரக்கம் பார்க்காமல் போட வேண்டியதுதான்.

அப்புறம், சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

#21 கைத்தடி

பல் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குப் பல்செட். பிஸ்கட் ஏன் சாப்பிடுகிறோம் என்றால் டீயில் தோய்த்தால் இறங்கும், அதனால்தான். கடலை சாப்பிடு என்று சொல்வது சுலபம்.

#22 தட்டுக்கணக்கு

நியாயமான கேள்வி ஐயா. கடலையை ராத்திரி ஊறவைத்து, குக்கரில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, மசித்துச் சூப்பில் கலந்துவிடுங்கள். முட்டையைப் பாலோடு அடித்து மெதுவான தீயில் கிளறினால் பல்லே வேண்டாம். ஊறவைத்த பருப்புக்கு எரிபொருளும் குறைவு. ராஜ்மா மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ அதில் ஒரு நச்சு உண்டு.

பல்செட் தளர்ந்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைந்தவர்களுக்குச் செட்டும் பொருந்தாமல் போகும். அதனால் இன்னும் சாப்பிட முடியாமல் போகும்.

#23 சின்னப்பை

தனிச்சமையலுக்குக் காய்கறிக் குறிப்பு, சுருக்கமாக. கோஸைக் கத்தியால் அறுக்காதீர்கள். வேண்டிய அளவுக்கு இலை இலையாக உரித்து எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது வாரக் கணக்கில் நிற்கும். கீரையைக் கழுவாமல் உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். வாழைப்பழமும் தக்காளியும் பழுக்கவைக்கும் வாயுவை விடும், அவற்றைக் கீரைப் பக்கம் வைத்தால் கீரை மஞ்சளாகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பிரெட்டைப் பிரித்த அன்றே துண்டு துண்டாக ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது இரண்டு எடுத்து அப்படியே வாட்டிக்கொள்ளலாம். உறைந்த பட்டாணி, காய்கறி பற்றி யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பறித்த சூட்டில் உறையவைத்தது, சத்தும் பெரிதாகப் போகாது, ஒரு பிடி எடுத்துக்கொண்டு மீதியை மூடி வைக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. அக்கம்பக்கத்தில் இன்னொரு தனி ஆள் இருந்தால் பங்கு போடுங்கள்.

#24 தனிச்சமையல்

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலில் தட்டுக்கணக்கு அம்மாவுக்கு. மருத்துவரிடம் போனேன். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, சாப்பாட்டைக் கூட்டச் சொன்னார். இப்போது ஒரு கிலோ ஏறியிருக்கிறேன். மோதிரத்தில் நூல் இன்னும் இருக்கிறது.

பங்கு யோசனை பலித்துவிட்டது. மாடியில் என் வயதில் ஓர் அம்மா இருக்கிறார், அவரும் தனி. படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு நாள் கையில் கோஸோடு போய் ‘பாதி எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு பெரிய பூசணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘மூன்று நாளாக இதை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றார். இப்போது வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து போகிறோம். முப்பது முட்டை அட்டையைப் பதினைந்து பதினைந்தாகப் பிரிக்கிறோம். ஐந்து கிலோ பருப்பை என் சமையலறைத் தராசில் நிறுத்துப் பங்கு போடுகிறோம். முதல் தடவை முள் ஒரு கோடு தள்ளி நின்றதற்கு இரண்டு பேரும் மாறி மாறி ‘நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கால் மணி நேரம் போராடினோம்.

செவ்வாயும் வெள்ளியும் ராத்திரிச் சாப்பாடு ஒரே வீட்டில். அந்த இரண்டு நாளும் பிஸ்கட் டப்பா திறப்பதில்லை. மற்ற நாளில் திறக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

குப்பை நோட்டில் போன வாரம் இரண்டே வரி. செலவு பழைய 100க்கு இப்போது 62.

#25 பழையகணக்கு

சபாஷ் அம்மா. 55தான் இலக்கு என்று சொன்னேன். பாக்கி 7?

#26 தனிச்சமையல்

முட்டையும் பாலும் ஐயா. அதில் இனி கை வைப்பதாக இல்லை.

#27 கைத்தடி

அந்தப் பாதிக் கோஸ் என்ன ஆயிற்று?

#28 தனிச்சமையல்

அறுத்துக் கொடுத்ததைப் பார்த்து மாடி வீட்டம்மா திட்டினார், அவரும் இந்த இழையைப் படிக்கிறாராம். இந்த வாரக் கோஸை உரித்துக்கொண்டிருக்கிறோம்.